இருபத்தோரு படியும் ஒரு கெட்டிலும்

இனிமேல் பொழுது விடியும் முன்னால் மாடிப்படி ஏறுவதில்லை என்று ஒரு சபதம் எடுத்தேன். கையைத் தூக்கி, கிழக்கே பார்த்து, முறைப்படி எடுத்தேன். இருட்டாக இருந்ததால் கிழக்கு என்று நான் பார்த்தது குளியலறைக் கதவாகப் போய்விட்டது. பரவாயில்லை. கதவும் சாட்சிதான்.

விஷயத்தைக் கேளுங்கள். தீர்த்தமலை அடிவாரத்தில் எங்கள் வீடு. கீழே நானும் என் மனைவி அமுதவல்லியும். மேலே இரண்டு அறை. மலைக்கு வருகிறவர்களுக்கு அதை நாள் வாடகைக்கு விடுகிறோம். விடுகிறோம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். போனில் படம் போடுவது, ஆள் பிடிப்பது, பேசுவது, சாவி கொடுப்பது எல்லாம் அவள். நான் ஏறுகிறவன், இறங்குகிறவன்.

மலை ஏறுகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்பார்கள். பாறையிலிருந்து விழுகிற தீர்த்தத்தில் முதல் ஆளாக நனைய வேண்டும் என்பார்கள். அதனால் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார்கள். எழுந்ததும் என் போன் அடிக்கும்.

"அண்ணா, ஒரு டீ. சக்கரை வேணாம்."

டீயைக் கொடுத்துவிட்டு இறங்குவேன். கடைசிப் படியில் கால் வைக்கும்போது அடுத்தது.

"அண்ணா, இவருக்குக் கட்டங்காப்பி."

அதையும் கொடுத்துவிட்டு வந்து படுக்கையில் ஒரு முழங்காலை மட்டும் வைத்திருப்பேன்.

"அண்ணா, சும்மா ஒரு டம்ளர் சுடுதண்ணி. மாத்திரை போடணும்."

இருபத்தோரு படி. அவர்கள் தீர்த்தமலை ஏறக் கிளம்புவதற்குள் நான் என் வீட்டிலேயே ஒரு மலை ஏறி முடித்திருப்பேன். அந்தப் புண்ணியத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று கோயிலில் விசாரிக்கலாம் என்றுகூட நினைத்தேன். கோயில் மேலே இருக்கிறது. ஏற வேண்டும். விட்டுவிட்டேன்.

எனக்கு அரூரில் செல்போன் ரிப்பேர்க் கடை. பத்து மணிக்குத் திறந்தால் போதும். காலை ஏழு மணி வரை தூங்குவதற்கு இந்த ஊரிலேயே முழுத் தகுதி உள்ள ஒரே ஆம்பிளை நான்தான். அந்தத் தகுதி வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

அமுதவல்லியும் நாலே முக்காலுக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்து டீ போடுவாள். அது வேறு விஷயம்.

சபதம் எடுத்த அன்றைக்கே கடவுள் கண்ணைத் திறந்தார். முந்தின நாள் தங்கிப் போன ஒரு குடும்பம் போனில் எங்கள் வீட்டைப் பற்றி எழுதியிருந்தது. 'ரூம் சுத்தம். காற்று நன்றாக வருகிறது. அண்ணன் டீ கொண்டு வந்தார். ரூமிலேயே கெட்டில் இருந்தால் இன்னும் வசதி.' நாலு ஸ்டார்.

நாலு ஸ்டாரைப் பார்த்து உலகத்தில் இவ்வளவு சந்தோஷப்பட்ட வீட்டுக்காரன் நானாகத்தான் இருப்பேன். அடுப்படிக்குப் போனேன். அமுதவல்லி ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"வல்லி, மேல ரூமுக்கு ஒரு கெட்டில் வாங்கிடலாம்னு..."

"என்ன?"

என் குரல் அப்படி. பிறவியிலேயே மெல்லிசு. எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் வெளியே கேட்கும். இரண்டாவது தடவை சொல்வதற்குள் சொல்ல வேண்டுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். என் பாதி ஆசைகள் அந்த 'என்ன?'விலேயே செத்துப் போயிருக்கின்றன. இந்தத் தடவை விடவில்லை.

"கெட்டிலு! கரண்ட்டு கெட்டிலு! மேல ரூமுல வச்சுட்டா வர்றவங்களே தண்ணி காய வச்சு டீ போட்டுக்குவாங்க."

சல்லடை நின்றது.

"நம்ம வூட்டுக்கு வந்தவங்க அவங்களே டீ போட்டுக் குடிக்கறதா? நல்லா இருக்குதுங்க. கையோட வெளக்குமாத்தயும் குடுத்துடலாம். போவும்போது ரூமைக் கூட்டிட்டுப் போவட்டும்."

"அவங்களேதான் கேக்கறாங்க. இத பாரு."

போனைக் காட்டினேன். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கொஞ்ச நேரம் சல்லடையைப் பார்த்தாள்.

"அப்ப அஞ்சாவது ஸ்டாரு அந்தக் கெட்டிலுக்குள்ளதான் இருக்குதா?"

"ஆமா."

"ரொம்ப வேலை வைக்காதுங்களா அது?"

"வேலையா? சுவிட்ச் தட்டினாப் போதும். கொதிச்சதும் அதுவே நின்னுக்கும். ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு வெரலு."

"ஒரு ஆளு போதுமா?"

"அர ஆளு போதும்."

"சரி, வாங்குங்க" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொன்னதே இல்லை. கல்யாணத்துக்கே மூன்று மாதம் எடுத்துக்கொண்டவள். எனக்கு அப்போதே குழப்பம் தொடங்கிவிட்டது.

கெட்டில் என்றால் ஒரு சாமான் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சாதி சனம். போனைத் திறந்தால் ஸ்டீல் கெட்டில், பிளாஸ்டிக் கெட்டில், கொதிக்கும்போது நீல லைட் எரிகிற கண்ணாடிக் கெட்டில், கொக்கு மாதிரி கழுத்து நீண்ட கெட்டில், மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற கெட்டில். ஒன்று எண்பது டிகிரியில் நிற்கிறது. ஒன்று தொண்ணூறில் நிற்கிறது. எனக்குத் தெரிந்து தண்ணீருக்கு இரண்டே நிலைதான். கை வைக்கலாம், கை வைக்க முடியாது. நடுவில் இத்தனை டிகிரி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அமுதவல்லி உதவி செய்ய வந்து உட்கார்ந்தாள். அதுதான் வினை.

"எத்தன லிட்டருங்க?"

"ஒரு லிட்டர் போதும். ரூமுக்கு ரெண்டு பேரு."

"ரெண்டு பேராவா வராங்க? போன வாரம் காரிமங்கலத்துலருந்து ரெண்டு பேருன்னு சொல்லிட்டு ஒம்பது பேரு வந்து எறங்கலையா?"

"சரி, ரெண்டு லிட்டரு."

"ரெண்டு லிட்டரு கொதிக்கற தண்ணிய வயசானவங்க ஒரு கையில தூக்கிக் காலுல கொட்டிக்கிட்டா?"

"அப்ப ஒரு லிட்டரு."

"ஒம்பது பேரு?"

நான் கண்ணாடிக்குத் தாவினேன். "இது பாரு, அழகா இருக்குது. நீல லைட்டு."

"கீழ போட்டா?"

"ஸ்டீலு?"

"ஸ்டீலுன்னா உள்ள என்ன வச்சாங்கன்னு வெளிய தெரியாதே. முட்ட அவிச்சா?"

"கெட்டில்ல யாரு முட்ட அவிப்பாங்க?"

"பெங்களூருப் பசங்க அவிப்பாங்க. நூடுல்ஸ் போடுவாங்க. சாக்ஸ் தொவைக்கறவங்ககூட இருக்காங்களாம். மறுநாளு விரதக்காரங்க வந்து அதுலயே தண்ணி காய வப்பாங்க. நம்ம வாயிலதான் மண்ணு."

எனக்கு அன்று ராத்திரி கனவில் கெட்டில் கெட்டிலாக வந்தது. ஒவ்வொன்றின் மூக்கிலிருந்தும் ஒரு முட்டை எட்டிப் பார்த்தது.

பக்கத்து வீட்டுச் சென்னப்பன் மாமாவிடம் போனேன். லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரில் யார் வீட்டு பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

"எத்தன வாட்டு மாப்ள?"

"ஆயிரத்தி ஐநூறு மாமா."

"கெட்டுது போ. காலையில எல்லாரும் மோட்டாரு போடற நேரம். நீ அதத் தட்டினீன்னா இந்தத் தெருவே முனுக்கு முனுக்குன்னு ஆயிடும்."

"அறுநூறு வாட்டு ஒண்ணு இருக்குது."

"அறுநூறா? அதுல தண்ணி கொதிக்கறதுக்குள்ள அவங்க மலை ஏறி, தீர்த்தமாடி, எறங்கி வந்து, ஊருக்கே போயிடுவாங்க."

"அப்ப எதத்தான் வாங்கறது?"

"அது உன் இஷ்டம் மாப்ள. நான் எதுலயும் தலையிட மாட்டேன்" என்றார்.

ஒரு வாரம் இப்படியே போனது. அந்த ஒரு வாரமும் படி ஏறினேன். கடைசியில் வெள்ளிக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு அரூரில் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தேன். கவிப்பிரியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் வந்தாள். ஒரு மேசை முழுக்கக் கெட்டில்களை வரிசையாக வைத்தாள். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றன.

"வூட்டுக்குங்களா, லாட்ஜுக்குங்களா?" என்றாள்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டுக்கும் நடுவுல" என்றேன்.

"புரியலீங்க."

"கீழ வூடு. மேல லாட்ஜு மாதிரி. ஆனா அதுவும் வூடுதான்."

"கெட்டிலு எங்க இருக்கும்?"

"மேல."

"வாடகைக்கு விடற எடம்னா வாரண்டி கெடையாதுங்க. கீழ வச்சுப் பொழங்கினா ரெண்டு வருசம்."

"கீழ வாங்கி மேல வச்சா?"

அந்தப் பெண் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள். "யார்கிட்டயாச்சும் கேட்டுக்கிட்டு வாங்கறீங்களா?"

தன்மானத்தில் அடி விழுந்தது. "தேவையில்ல. நானே முடிவு பண்ணுவன்" என்றேன். சொல்லிவிட்டு அமுதவல்லிக்கு வீடியோ கால் போட்டேன். கெட்டில் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்க விடவும் இல்லை.

"அந்தப் பச்சப் பிடி போட்டது என்னங்க?"

"ஒன்றர லிட்டரு. ரெண்டு அடுக்கு ஸ்டீலு. உள்ள கொதிச்சாலும் வெளிய சுடாது."

"நம்ம அடுப்படிச் செவுரும் பச்சதானே" என்றாள்.

மேல் அறைக்கு வாங்குகிற சாமானுக்கு அடுப்படிச் சுவர் எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றினதை உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். ஆனால் கடையில் உட்கார நாற்காலி இல்லை. நன்றாக யோசித்து, யாருடைய தலையீடும் இல்லாமல், அவள் சொன்ன பச்சைப் பிடியையே வாங்கினேன்.

பெட்டியோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அடுப்படி கழுவி விட்டிருந்தது. ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் ஒரு சொம்புப் பால்.

"யாரு வராங்க?" என்றேன்.

"அதான் வந்துடுச்சே" என்று என் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். "வெள்ளிக்கிழமை, நல்ல நேரம். பால் காய்ச்சிடலாம்."

"எதுல?"

"இதுலதான். புது அடுப்பு வந்தா பால் காய்ச்சாமப் பொழங்குவாங்களா?"

"வல்லி, இது அடுப்பு இல்ல. கெட்டிலு."

"இதுல வச்சா கொதிக்குதுல்ல?"

"கொதிக்குது."

"பொறவு என்னங்க? நெருப்பு தெரியலைன்னா அடுப்பு இல்லையா? கரண்ட்டு அடுப்பு வாங்கினப்ப பக்கத்து வூட்டுத் தங்கம்மா அத்த காய்ச்சலையா? காய்ச்சாம விட்டா அது வெளங்குமா?"

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பல பாஷையில் எழுதியிருந்தது. எல்லாப் பாஷையிலும் ஒரே சங்கதி. தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

"தண்ணி மட்டும்னு போட்டிருக்குது" என்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அப்புறம் எனக்கே ஒரு நியாயம் தோன்றியது. இது என் வெற்றிச் சின்னம். ஏழு மணித் தூக்கம் வீட்டுக்குள் நுழைகிற நாள். அதற்குப் பால் காய்ச்சினால் என்ன? ஊரையே கூப்பிட்டால்கூடத் தகும். அப்படி நினைத்த மாத்திரத்தில் சென்னப்பன் மாமாவும் அவர் மனைவி தங்கம்மாள் அத்தையும் உள்ளே வந்தார்கள். அமுதவல்லி காலையிலேயே சொல்லி வைத்திருந்தாளாம். கெட்டில் வாங்குவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாத காலையில்!

கெட்டிலுக்குப் பொட்டு வைத்தார்கள். பிடியைச் சுற்றி மல்லிகை கட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பிரச்சினை வந்தது.

"கெழக்க பாத்து வைக்கணும்" என்றார் தங்கம்மாள் அத்தை.

"கெட்டிலுக்கு மொகம் எது அத்தை?"

"மூக்கு இருக்கற பக்கந்தான் மொகம்."

"மொகத்துக்குப் பின்னாடி பிடி இருக்குதே, சுவிட்சும் அங்கதான் இருக்குது" என்றார் மாமா. "வேலை நடக்கற பக்கந்தான் மொகம்."

"உங்களுக்கு வேலை எந்தப் பக்கம் நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மா இருங்க."

மூக்கைக் கிழக்கே திருப்பினால் வயர் பிளக்கு வரை எட்டவில்லை. மேசையை நகர்த்தினேன். மேசை நகர்ந்ததும் மூக்கு தெற்கே போய்விட்டது. தெற்கே வேண்டவே வேண்டாம் என்று மூன்று பேரும் கத்தினார்கள். கடைசியில் கெட்டிலைக் கிழக்கே பார்க்க வைத்து, நாங்கள் நான்கு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம்.

அமுதவல்லி பாலை ஊற்றினாள். கற்பூரம் காட்டினாள். "நீங்களே போடுங்க. உங்க கெட்டிலு" என்றாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன்.

உஸ்ஸென்று சத்தம் வந்தது. பால் மெல்ல எழும்பியது. எல்லாரும் கும்பிட்டார்கள். நுரை விளிம்புக்கு வந்தது. 'டக்.' நின்றுவிட்டது. நுரை இறங்கிப் போனது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் அத்தை.

"அதான் அத்தை, இது ஆட்டோமேட்டிக்கு. பொங்கறதுக்கு முன்னாடியே நின்னுக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அத்தையின் முகம் மாறியது. "பால் பொங்காத அடுப்பா? ஆத்தா! நல்ல நாளும் அதுவுமா?"

மறுபடி தட்டினேன். எழும்பியது. 'டக்.' இன்னொரு தடவை. எழும்பியது. 'டக்.' ஒரு வாரம் தேடித் தேடி எந்தக் குணத்துக்காக இதை வாங்கினேனோ, அதே குணத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். பொங்காமல் போய்விட்டால் என் ஏழு மணித் தூக்கத்துக்கும் ஏதோ ஆகிவிடும் என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

"மூடியத் தொறந்து வை மாப்ள" என்றார் மாமா. "ஆவி வெளிய போயிடும். அதுக்குக் கொதிச்சதே தெரியாது. நிக்காது."

மூடியைத் திறந்து, விரலால் சுவிட்சையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் எழும்பியது. எழும்பியது. பொங்கிப் பச்சைப் பிடியில் வழிந்து, மல்லிகையில் வழிந்து, என் கட்டை விரலில் வழிந்தது.

"பொங்கிருச்சு!" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரல் ஒரே தடவையில் எல்லாருக்கும் கேட்டது. மாமா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். அத்தை குலவை போட்டார். ஆளுக்கு அரை டம்ளர் பால், சர்க்கரை போட்டு. அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது. யாரும் சொல்லவில்லை.

கட்டை விரலில் மாவைப் பூசிக்கொண்டு, கெட்டிலைக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். இருபத்தோரு படி. சுமையோடு நான் ஏறப்போகிற கடைசி இருபத்தோரு படி. முதல் படியில் கால் வைத்தேன்.

"ஏங்க, அத எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"மேலதான். ரூமுல வைக்க."

அமுதவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பால் பொங்கின அடுப்புங்க அது! அதக் கொண்டுபோயி வாடகை ரூமுல வைக்கறதா? எவனோ வந்து முட்ட அவிப்பான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ரூமுக்குன்னுதானே வாங்கினது?"

"வாங்கறப்ப ரூமுக்குத்தான். இப்ப பொங்கிருச்சே."

தங்கம்மாள் அத்தை பதறிப்போய் எழுந்து வந்தார். "ஏம்பா பூபதி, புத்தியிருக்குதா? வூட்டு மகாலச்சுமியத் தூக்கிக் கொண்டுபோயி சத்திரத்துல உக்கார வப்பியா?"

"அத்தை, இது அடுப்பே இல்ல, கெட்டிலு!"

"அடுப்பு இல்லைன்னா எதுக்குடா மாப்ள பொங்கற வரைக்கும் அமுக்கிப் புடிச்ச?" என்றார் மாமா.

நான் அமுதவல்லியைப் பார்த்தேன். "நீதானே பால் காய்ச்சச் சொன்ன?"

"புது அடுப்புக்குக் காய்ச்சாமலா விடுவாங்க?"

நான் விடவில்லை. மூளை வேகமாக ஓடியது. "சரி, இது கீழயே இருக்கட்டும். மேலைக்கு வேற ஒண்ணு வாங்கிடறேன்."

"தாராளமா வாங்குங்க" என்றாள். "அதுக்கும் ஒரு நல்ல நாளு பாக்கலாம்."

"எதுக்கு?"

"பால் காய்ச்சத்தான்."

"காய்ச்சாமலே மேல வச்சுட்டா?"

மூன்று பேரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். செருப்புக் காலோடு கருவறைக்குள் நுழையட்டுமா என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை. நான் இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். காய்ச்சினால் மேலே போகக்கூடாது. காய்ச்சாமல் மேலே போகவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

"வாரண்டிகூட கீழ வச்சாத்தானே உண்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்றாள் அமுதவல்லி. வீடியோ காலில் அது அவளுக்குக் கேட்டிருக்காது. நான்தான் வரும் வழியில் போனில் சொன்னேன். என் வாய் மெல்லிசுதான். ஆனால் தேவையில்லாத விஷயம் மட்டும் அதிலிருந்து தெளிவாக வந்துவிடும்.

"அப்ப மேல இருக்கறவங்களுக்கு டீ?" என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"இதுலயே போட்டு எடுத்துட்டுப் போனா ஆச்சு. முன்ன மாதிரி ரெண்டு பேரும் எழுந்து அடுப்பு பத்த வச்சு அல்லாட வேணாம். சுவிட்ச் தட்டினாப் போதும், அர ஆளு போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

எந்த ஆளில் எந்த அரை என்று அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் தனியாக இருக்கும்போது மெல்லக் கேட்டேன். "வல்லி, நெசமா சொல்லு. மொதல்லயே இதெல்லாம் யோசிச்சுத்தான் சரின்னு சொன்னியா?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஒரு ஆள் தன் மனைவியோடு வந்து தங்கினார். காலை ஐந்து மணி. போன் அடித்தது. எழுந்தேன். அமுதவல்லி போர்வையை என் பக்கத்திலிருந்தும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் பச்சைச் சுவர் ஓரமாகக் கெட்டில், புதுப் பொட்டோடு, கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. தட்டினேன். உஸ்ஸென்றது. டக். நானே தூள் போட்டேன், நானே வடிகட்டினேன், நானே சர்க்கரை கலந்தேன், நானே பிளாஸ்கில் ஊற்றினேன். இருபத்தோரு படி ஏறிக் கதவைத் தட்டினேன்.

அவர் கையில் போனோடு கதவைத் திறந்தார். எங்கள் ரூம் வாடகைப் பக்கம்தான் அதில் திறந்திருந்தது. மல்லிகை சுற்றின பச்சைப் பிடிக் கெட்டிலின் படம். அதற்குக் கீழே அமுதவல்லி எழுதியிருந்தாள்: 'கெட்டில் வசதி உண்டு.'

"ரூம் பூரா தேடிட்டேன், சார்" என்றார் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக. "கட்டிலுக்கு அடியிலகூடப் பாத்தாச்சு. இந்தக் கெட்டில் எங்க சார் இருக்குது?"

நான் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"நான்தாங்க" என்றேன்.